திறனைக் கூட்டினால் மட்டும் ஏன் போதாது? மின்னணுத் தகவல் தொடர்பு அமைப்பின் உறுப்புகள்

மொரீஷியஸின் க்வாத்ர் போர்னில் உயர்நிலைச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “மின்னணுத் தகவல் தொடர்பு அமைப்பு என்றால் பரப்பி, ஊடகம், ஏற்பி என்று மூன்று பெட்டிகள் வரைந்து, நடுவில் இரைச்சல் என்று ஓர் அம்புக்குறி போடச் சொல்கிறார்கள். பரப்பியின் திறனை வேண்டிய அளவு கூட்டிவிட்டால் இரைச்சல் தோற்றுப்போகும் அல்லவா? பிறகு பண்பேற்றம், குறியாக்கம், மறுபயனி என்று இத்தனை உறுப்புகள் எதற்கு?”

கேள்வியின் பிற்பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தத் தீவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிபரப்புக் கருவிகளையும் தொலைபேசித் தடங்களையும் பராமரிக்கும் வேலையில் இருந்தவன் நான். இந்த அமைப்பில் மற்ற எல்லா உறுப்புகளையும் நாம் விரும்பியபடி வடிவமைத்துக்கொள்ளலாம். ஊடகத்தை மட்டும் பெரும்பாலும் அது இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ள வேண்டும். கடலின் அகலத்தையோ மலையின் உயரத்தையோ மழையின் வேகத்தையோ நம்மால் மாற்ற இயலாது. ஊடகம் நம் சைகையை என்னவெல்லாம் செய்கிறது என்று அறிந்து, அதற்கு ஈடுகொடுப்பதற்காக ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டவையே மற்ற உறுப்புகள். பாடநூலின் படத்தை இடமிருந்து வலமாகப் படிக்காமல், நடுப்பெட்டியிலிருந்து இருபுறமும் படித்தால் ஒவ்வொரு பெட்டியும் எதற்காக வந்தது என்பது விளங்கும்.

உறுப்புகளின் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சு, இசை, படம், எழுத்து என ஏதேனும் ஒரு தகவல் மூலம் இருக்கிறது. அதை மின்சைகையாக மாற்றுவது உள்ளீட்டு ஆற்றல்மாற்றி; மைக்ரோஃபோன் அதற்கு எடுத்துக்காட்டு. அந்தச் சைகையை ஊடகத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, வலுவூட்டி அனுப்புவது பரப்பி. கம்பி, கண்ணாடி இழை, வெட்டவெளி ஆகியவை ஊடகங்கள். வந்து சேரும் மெலிந்த சைகையைப் பிரித்தெடுத்து, பெருக்கி, பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது ஏற்பி. அதை மீண்டும் ஒலியாகவோ ஒளியாகவோ மாற்றுவது வெளியீட்டு ஆற்றல்மாற்றி. வழியில் சைகை மெலிவது வலுவிழப்பு, அதன் வடிவம் சிதைவது உருக்குலைவு, அதனுடன் வேண்டாத மின்னலைவுகள் கலப்பது இரைச்சல். இந்த மூன்றும் வெவ்வேறு நோய்கள். திறனைக் கூட்டுவது முதல் நோய்க்கு மட்டுமே மருந்து, அதுவும் ஓரளவுக்குத்தான். உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இதிலேயே இருக்கிறது.

மின்சாரம் வருவதற்கு முன்பே இந்த ஊரில் ஒரு தகவல் தொடர்பு அமைப்பு இருந்தது. போர்ட் லூயி நகரை ஒட்டி நிற்கும் சிக்னல் மலையின் பெயரே அதைச் சொல்லும். கப்பல் வருவதை மலையுச்சியிலிருந்து பார்த்து, கொடிகளை ஏற்றி நகரத்துக்கு அறிவித்தார்கள். கொடிகளின் சேர்க்கை அங்கே குறியாக்கம்; காற்றும் வெளிச்சமும் ஊடகம்; கீழே நின்று பார்த்தவரின் கண் ஏற்பி. மேகம் மலையை மூடிவிட்டால் கொடியைப் பெரிதாக்குவதால் அதிகப் பயன் இல்லை. ஊடகத்தையே மாற்ற வேண்டும்.

1893இல் சான்சிபாரிலிருந்து செஷல்ஸ் வழியாக மொரீஷியஸுக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்தது. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1858இல், அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் போடப்பட்ட முதல் கம்பிக்கு நேர்ந்ததை இந்தப் பாடத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நீண்ட கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பினால், மறுமுனையில் அது மெலிந்து வருவதோடு, அகன்று பரந்து, அடுத்த துடிப்பின் மேல் படிந்தும் வருகிறது. கம்பியும் அதைச் சூழ்ந்த கடல்நீரும் சேர்ந்து ஒரு நீண்ட மின்தேக்கி போல நடந்துகொள்வதே காரணம். விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. அந்தக் கம்பிக்குப் பொறுப்பாயிருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ், நீங்கள் நினைத்ததைப் போலவே, அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று எண்ணி, ஏறக்குறைய 2,000 வோல்ட் வரை கொடுத்தார். ஏற்கெனவே குறைகள் இருந்த மின்காப்பு மேலும் சேதமடைந்தது; சில வாரங்களுக்குள் கம்பி அடியோடு செத்துப்போயிற்று. வில்லியம் தாம்சன் எதிர்த் திசையில் சிந்தித்தார். குறைந்த மின்னோட்டத்தை அனுப்பி, மறுமுனையில் மிக நுண்ணிய மாற்றத்தையும் காட்டும் கண்ணாடி மின்னோட்டமானியை வைத்தார். பரப்பியை முரட்டுத்தனமாக்குவதைவிட ஏற்பியைக் கூர்மையாக்குவதே மேல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இனி நீங்களே கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ஓர் இடத்துக்கு வருவோம். தைப்பூசக் காவடி நாளில் கோவில்களில் ஒலிபெருக்கி அமைப்பார்கள். ஒருமுறை ஒரு கோவிலில், சந்நிதி அருகே இருந்த மைக்கிலிருந்து பந்தலின் மறுகோடியில் இருந்த பெருக்கி வரை நீண்ட ஒற்றை மின்தடக் கம்பியை இழுத்து, அதை விளக்குகளுக்குப் போகும் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஓதுவார் பாடத் தொடங்கியதும் ‘ஊம்ம்’ என்ற ஓசை பாட்டை மூடிக்கொண்டது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முழுச் சுற்றாக அலைவது. அதன் காந்தப் புலம் மைக் கம்பிக்குள் புகுந்து எழுப்பிய ஓசை அது. உதவிக்கு வந்த இளைஞர்கள் பெருக்கியின் ஒலியளவைக் கூட்டினார்கள். பாட்டும் கூடியது, ஊளையும் அதே விகிதத்தில் கூடியது. மைக்கில் பிறக்கும் சைகை சில மில்லிவோல்ட் அளவே. அந்த மெலிந்த நிலையில் கலந்துவிட்ட இரைச்சலைப் பின்னால் வரும் எந்தப் பெருக்கியாலும் பிரித்தறிய முடியாது, ஏனெனில் பெருக்கிக்குப் பாட்டு எது, ஊளை எது என்று தெரியாது. நாங்கள் செய்தது இரண்டு வேலைகள். மைக் கம்பியை மின்கம்பியிலிருந்து தள்ளிப் போட்டோம். ஒற்றைத் தடக் கம்பிக்குப் பதிலாக, ஒன்றையொன்று முறுக்கிய இரட்டைக் கம்பியைப் பயன்படுத்தினோம். அந்த இரண்டு இழைகளிலும் பாட்டு எதிரெதிர்த் திசையில் செல்கிறது, வெளியிலிருந்து புகும் ஊளையோ இரண்டிலும் ஒரே திசையில் ஏறுகிறது; மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பாட்டு இரட்டிப்பாகும், ஊளை அழிந்துபோகும். ஒரு வாட் திறன்கூடக் கூட்டவில்லை, ஓதுவாரின் குரல் தெளிவாகிவிட்டது.

அடுத்து பண்பேற்றம், அதாவது செய்தியை உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஓர் ஊர்தி அலையின் மேல் ஏற்றி அனுப்புவது. மைக்கிலிருந்து வரும் சைகையைப் பெருக்கி நேராக ஏரியலுக்குக் கொடுத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஏரியல் திறம்பட அலையை வீச வேண்டுமானால் அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கேனும் இருப்பது நல்லது. ஆயிரம் ஹெர்ட்ஸ் கொண்ட ஓசைக்கு உரிய மின்காந்த அலையின் நீளம் 300 கிலோமீட்டர். அதில் கால் பங்கு 75 கிலோமீட்டர். நம் தீவின் நீளமோ வடக்கிலிருந்து தெற்கு வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். மொரீஷியஸ் முழுவதையும் ஏரியலாக்கினாலும் போதாது என்று பொருள். அதே சைகையை 100 மெகாஹெர்ட்ஸ் ஊர்தி அலையின் மேல் ஏற்றிவிட்டால் அலைநீளம் மூன்று மீட்டராகி, முக்கால் மீட்டர்க் கம்பியே போதுமானதாகிறது. இன்னொரு பயனும் உண்டு. எல்லா நிலையங்களும் மனிதக் குரலின் அதிர்வெண்ணிலேயே ஒலிபரப்பினால் ஒன்றையொன்று மூடிவிடும். ஆளுக்கொரு ஊர்தி அலை இருப்பதால்தான் வானொலியில் திருகி நிலையத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

பண்பேற்றத்தின் மூன்றாவது பயன், உங்கள் கேள்வியோடு நேராகத் தொடர்புடையது. வீச்சுப் பண்பேற்றத்தில் செய்தி, ஊர்தி அலையின் உயரத்தில் எழுதப்படுகிறது. மின்னலும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சலும் பெரும்பாலும் அலையின் உயரத்தையே குலைப்பதால், எழுதிய இடத்திலேயே கிறுக்கல் விழுகிறது. இதற்குத் திறனைக் கூட்டுவதே வழி என்று நெடுங்காலம் நம்பினார்கள். அகன்ற பட்டை கொண்ட அதிர்வெண் பண்பேற்றத்துக்கு எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்றார். செய்தியை உயரத்தில் எழுதாமல் அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கத்தில் எழுதினால், ஏற்பியில் அலையின் உச்சிகளை வெட்டி எறிந்துவிடலாம், செய்திக்கு இழப்பில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை பட்டை அகலம், அதாவது ஒரு நிலையம் பிடித்துக்கொள்ளும் அதிர்வெண்களின் அகலம். வீச்சுப் பண்பேற்ற நிலையத்துக்கு ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் போதும். அதிர்வெண் பண்பேற்ற நிலையம், அதாவது பண்பலை நிலையம், ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் போனால் ஊடகம் வேறு விதமாகப் பழிவாங்கும். நூறு மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது; பீட்டர் போத் மலையின் 820 மீட்டர் உயரமும் லெ பூஸ் மலையும் குறுக்கே நின்றால் பின்னால் நிழல் விழும். இவ்வளவு சிறிய தீவில் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு அதிர்வெண்களில் பல இடங்களிலிருந்து ஒலிபரப்ப வேண்டியிருப்பது இதனால்தான். இன்னும் மேலே, 10 கிகாஹெர்ட்ஸுக்கு அப்பால் போனால் மழைத்துளிகளே அலையை விழுங்கத் தொடங்கும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் மாடியிலுள்ள டிஷ் படம் காட்டாமல் போகும்போது, பேட்டரி போட்ட சிறிய வானொலி மட்டும் வாக்வாவிலுள்ள வானிலை நிலையத்தின் அறிவிப்பைச் சொல்லிக்கொண்டிருப்பதை நம் வீடுகளில் எல்லோரும் அறிவோம். அங்கே திறனைவிட அலைநீளமே காரியத்தைச் சாதிக்கிறது.

இரைச்சலைப் பற்றி இன்னும் சற்று நின்று பேச வேண்டும். மனிதர் எழுப்பும் இரைச்சலை விலக்கலாம். விலக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. எந்த மின்தடையிலும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் தத்தளித்துக்கொண்டிருப்பதால் எழும் இரைச்சலை ஜான்சன் அளந்தார், அதற்கான விளக்கத்தை நைக்விஸ்ட் தந்தார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. அறை வெப்பநிலையில், ஒரு பண்பலை நிலையத்தின் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் விழும் வெப்ப இரைச்சல், ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் அதில் எட்டுப் பங்கு. மிகச் சிறியதுதான், ஆனால் தொலைவிலிருந்து வரும் சைகையும் அந்த அளவுக்கு மெலிந்துவிடுவதால் இது தரைமட்டம் போல அமைகிறது. அதற்குக் கீழே இறங்கிய சைகை சேற்றில் விழுந்த ஊசிதான்.

இந்த இரைச்சல் ஆராய்ச்சியிலிருந்தே ஒரு புதிய அறிவியல் பிறந்தது. கடல் கடந்த வானொலித் தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பெல் ஆய்வகத்தில் தேடிய கார்ல் ஜான்ஸ்கி, 1930களின் தொடக்கத்தில், அதில் ஒரு பகுதி நம் பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து வருவதைக் கண்டறிந்தார். நம் தீவின் வடகிழக்கில் ப்ரா தோ என்னும் இடத்தில், மொரீஷியஸ் பல்கலைக்கழகமும் இந்தியாவின் இராமன் ஆய்வு நிறுவனமும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் சேர்ந்து அமைத்த ரேடியோ தொலைநோக்கி, சுருள் வடிவிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆன்டெனாக்களை வரிசையாக நிறுத்தி, 151.5 மெகாஹெர்ட்ஸில் தென்வானத்தைக் கேட்டது. அது ஏற்பி மட்டுமே உள்ள அமைப்பு. ஜான்ஸ்கிக்கு இரைச்சலாக இருந்தது அங்கே செய்தியாகிறது. பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்று காட்டத் தக்க இடம் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஏற்பியைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் போதும். ஆன்டெனாவை அடுத்துள்ள முதல் பெருக்கியே மொத்த அமைப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அது சேர்க்கும் இரைச்சலைப் பின்னால் வரும் எல்லாப் பெருக்கிகளும் தூக்கிச் சுமக்கும். கோவில் மைக்கில் பார்த்தது இதுவே. இரண்டாவது, 1918இல் அதே ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த முறை: எந்த நிலையத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதை ஒரு நிலையான இடை அதிர்வெண்ணுக்கு மாற்றி, அங்கே வைத்து வடிகட்டிப் பெருக்குவது. பண்பலை வானொலியில் அது 10.7 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாகக் கூர்மையான வடிகட்டி செய்வதைவிட, ஒரே அதிர்வெண்ணுக்கு நல்லதாக ஒன்று செய்வது எளிது.

இப்போது உங்கள் கேள்விக்கு எண்களாலேயே விடை சொல்கிறேன். 2002இல் சேவைக்கு வந்த ‘சேஃப்’ கடலடிக் கம்பி, தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு ரேயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கும் பினாங்குக்கும் செல்வது. நம் தீவில் தெற்கே ஜக்கொத்தே விரிகுடாவில் கரையேறுகிறது. இத்தகைய கண்ணாடி இழை, மிகச் சாதகமான அலைநீளத்தில், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் மட்டுமே இழக்கும் (பத்து டெசிபெல் இழந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்று பொருள்). நூறு கிலோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சும். ஆயிரம் கிலோமீட்டர் போனால் மிஞ்சுவது பத்து லட்சம் கோடி கோடியில் ஒரு பங்கு. ஒரு வாட் ஒளியை இந்த முனையில் செலுத்தினால், அந்த முனையில் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒரே ஓர் ஒளித்துகள் வந்து விழும். திறனை இரட்டிப்பாக்கினால் எவ்வளவு தூரம் கூடுதலாகக் கிடைக்கும்? பதினைந்து கிலோமீட்டர். வெட்டவெளியில் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு திறன் போதும். இழையிலோ தூரம் கூடக் கூடத் திறன் மடங்குக்கு மேல் மடங்காக ஏற வேண்டும். ஒரு வரம்புக்கு மேல் ஒளியைத் திணித்தால் கண்ணாடியே சைகையை உருக்குலைக்கவும் தொடங்கிவிடும். ஆகவேதான் கடலின் அடியில் சில பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்றாக, மெலிந்த சைகையை வலுவூட்டி மேலே அனுப்பும் மறுபயனிகளை வைத்து, அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே கம்பியின் செம்புக் குழாய் வழியாகக் கரையிலிருந்து ஊட்டுகிறார்கள்.

மறுபயனியிலும் ஒரு சிக்கல் உண்டு. வெறும் பெருக்கியாக இருந்தால், ஒவ்வொன்றும் தன் பங்கு இரைச்சலைச் சேர்த்துக்கொண்டே போகும். ஏடு பெயர்த்தெழுதுவதை நினைத்துப்பாருங்கள். எழுத்தறியாத ஒருவர் ஓலையில் உள்ள கோடுகளை மட்டும் பார்த்து வரைந்தால், பத்தாவது படியில் ‘க’ எது, ‘த’ எது என்று தெரியாமல் போய்விடும். எழுத்தறிந்தவர் சற்றுக் கோணலான ‘க’வையும் ‘க’ என்றே படித்து, புதிய ஓலையில் நேராக எழுதிவிடுவார். அவர் கையில் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை. எண்முறைத் தகவல் தொடர்பின் உயிர்நாடி இதுவே. அனுப்பத்தக்க வடிவங்கள் பூஜ்யம், ஒன்று என இரண்டே என்று முன்கூட்டி ஒப்புக்கொண்டதால், வந்தது எதற்கு நெருக்கமோ அதைத் தீர்மானித்துப் புதிதாக எழுதி அனுப்ப முடிகிறது. தொலைபேசிப் பேச்சை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இருமங்களாக (பூஜ்யம் அல்லது ஒன்று என்னும் குறிகளாக) எழுதி, விநாடிக்கு 64,000 இருமங்களாக அனுப்புவது இதற்காகத்தான்.

குறியாக்கமும் அப்படிப்பட்ட ஒப்பந்தமே. தமிழ் எழுத்து அறியாத நம் பிள்ளைகளுக்காகத் தேவாரத்தை லத்தீன் எழுத்தில் எழுதிக் கொடுக்கிறோம். அந்தக் குறியாக்கத்தில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. ஒருமுறை ஒன்றானபின், பாட்டை முன்பே அறிந்தவரைத் தவிர வேறு எவராலும் அவற்றைப் பிரிக்க முடியாது. சுருக்கமாக அனுப்பலாம், ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து சுருக்க வேண்டும். கைப்பேசிக் குறுஞ்செய்தியில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஒரு செய்திக்கு 140 பைட்டுகள் மட்டுமே இடம். ஏழு இருமக் குறிகளில் கிரியோல் மொழியில் எழுதினால் 160 குறிகள் கொள்ளும், பதினாறு இருமக் குறிகளில் தமிழில் எழுதினால் 70தான். ‘கி’ என்பதற்கே இரண்டு குறிகள் செலவாகும்.

பட்டை அகலத்துக்கும் திறனுக்கும் உள்ள உறவை 1948இல் கிளாட் ஷானன் ஒரே சமன்பாட்டில் கட்டினார். தடத்தின் கொள்ளளவு பட்டை அகலத்தோடு பெருகுகிறது. திறனுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையோடு மட்டுமே வளர்கிறது. 3,100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள தொலைபேசித் தடத்தில் சைகை இரைச்சலைப் போல் ஆயிரம் மடங்கு இருந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 31,000 இருமங்கள் போகலாம். திறனை இரட்டிப்பாக்கினால் அது 34,000 ஆகும். திறனைத் தொடாமல் அகலத்தை இரட்டிப்பாக்கினால், இரைச்சலும் இரட்டிப்பாவதைக் கணக்கில் கொண்ட பிறகும், 55,000ஐத் தாண்டும்.

திறனால் சற்றும் தொட முடியாத ஒன்று காலதாமதம். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ரொட்ரிக்ஸ் தீவில் உள்ள உறவினரோடு அதன் வழியே பேசும்போது நம் குரல் ஏறி இறங்கக் கால் விநாடி, அவர் மறுமொழி வந்து சேர இன்னொரு கால் விநாடி பிடிக்கும். 2019இல் இரண்டு தீவுகளையும் இணைத்த கடலடிக் கம்பியில் அந்தப் பயணத்துக்கு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குகளே ஆகின்றன.

தேர்வில் படம் வரையும்போது ஊடகப் பெட்டியை முதலில் வரையுங்கள்; அதன் பக்கத்தில் வலுவிழப்பு, உருக்குலைவு, இரைச்சல் என மூன்றையும் எழுதிவிட்டு, பிறகு இடப்புறமும் வலப்புறமும் பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள். இரைச்சல் அம்பு ஊடகத்தில் மட்டும் நுழைவதாகப் பாடநூல் காட்டுவது படத்தின் எளிமைக்காக. இடம் இருந்தால் இன்னோர் அம்பை ஏற்பியின் முதல் பெருக்கிக்கும், வேறொன்றை மைக்கிலிருந்து வரும் கம்பிக்கும் போடலாம். தேர்வாளர் காரணம் கேட்டால் கோவில் ஒலிபெருக்கியைச் சொல்லுங்கள்.